படத்தில் உழுதவன்

ரூஃபஸ் க்ரோடனின் முகத்தை அமெரிக்காவில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். பெயர் ஒருவருக்கும் தெரியாது. பத்திரிகை அட்டையில் பனிப்புயலுக்குள் மாட்டு மந்தையை ஓட்டிப் போகிறவன் அவன்தான். ஆற்றுச் சுழலில் தோணியோடு போராடும் தோல் வியாபாரி அவன்தான். மடியில் துப்பாக்கியோடு மலைப்பாதையில் தபால் வண்டி ஓட்டுகிறவனும் அவன்தான். இத்தனை வேஷத்தையும் அவன் போட்டது நியூ ஜெர்சியில், அவனுடைய அண்ணன் ஹாலிஸ் வாடகைக்கு எடுத்திருந்த பழைய வைக்கோல் கொட்டகைக்குள். குதிரைக்குப் பதில் ஒரு பீப்பாய். அதன்மேல் நிஜமான சேணத்தைக் கட்டி, தம்பியை உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹாலிஸ் வரைவார்.

"அசையாதடா."

"குதிரை நாலுகால் பாய்ச்சல்ல போகுதுன்னு நீதானே சொன்ன. அது மேல அசையாம உக்கார நான் என்ன பொம்மையா?"

"குதிரையை ஓட வைக்கறது என் வேலை. நீ சும்மா உக்காரு."

"சரி, ஓட்டு ஓட்டு. எங்கேயாவது நல்ல ஊர் வந்தா சொல்லு, நான் இறங்கிக்கறேன்."

இப்படித்தான் பேசிக்கொண்டே இருப்பான். மற்ற ஆறு நாளும் அவனுக்கு வேலை தொப்பி ஆலையில். முயல் தோலைப் பாதரச மருந்தில் நனைத்து ரோமத்தைப் பிரித்து, கொதிநீரில் அழுத்தித் தொப்பிக்குத் துணியாக்குகிற வேலை. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவரும் ஹாலிஸ்தான்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் வயது வித்தியாசம் அதிகம். அப்பா ஒஹையோவில் வண்டிச் சக்கரம் செய்கிறவர். ரூஃபஸ் பிறந்த வாரமே அம்மா போய்விட்டாள். ஹாலிஸ் புது வண்டிகளின் பலகையில் சாயம் பூசுவதற்கு முன்னால் கரியால் மாட்டையும் மனிதரையும் வரைந்து வைப்பார். "வாங்கறவன் வண்டி கேட்டான், அவன் மாமியாரைக் கேக்கல. அழிடா" என்பார் அப்பா. அழித்த இடத்திலேயே மறுநாள் வேறு படம் இருக்கும். பிறகு ஹாலிஸ் நியூயார்க் போனார். பகலில் அச்சகத்தில் படக்கட்டை செதுக்கும் வேலை, மாலையில் ஓவிய வகுப்பு. அவருக்குத் தெரிந்ததெல்லாம் களத்துமேடு, பூசணிக்கொடி, அடுப்படியில் ரொட்டி சுடும் பெண்கள். பத்திரிகைக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. மாடிக் கட்டடத்தில் புழுங்கிக்கொண்டிருந்த நகரத்துக்காரன் ஒவ்வொருவனுக்கும் எங்கோ ஒரு களத்துமேடு ஞாபகத்தில் இருந்தது. அப்பா இறந்ததும் தம்பியைக் கிழக்கே கூட்டி வந்தார். படிப்பு அவனுக்கு ஏறவில்லை. தொப்பி ஆலையில் ஆள் எடுத்தார்கள். சேர்த்துவிட்டார்.

களத்துமேட்டுக்கு மவுசு குறைந்து, மேற்கத்திய எல்லைப்புறத்துக்கு மவுசு வந்தது. மாடு மேய்ப்பவன், குடியேறி, வேட்டைக்காரன். ஹாலிஸ் சிகாகோவைத் தாண்டியதில்லை. ஒரு சேணம், ஒரு எருமைத் தோல், இரண்டு பழைய துப்பாக்கி வாங்கிக் கொட்டகையில் மாட்டினார். மீதிக்குத் தம்பி இருந்தான். படத்தில் சேணவார் தப்பான பக்கம் கட்டியிருக்கிறது என்று நிஜமான மாடு மேய்ப்பவர்கள் பத்திரிகைக்கு எழுதிக் கேலி செய்வார்கள். ஹாலிஸுக்கு அது முள்ளாகக் குத்தும். அதனால்தான், மேற்கே போகும் ஒரு ரயில் கம்பெனி, அங்கே குடியேற ஆட்களை இழுக்கும் விளம்பரப் படத்துக்காக அவரைத் தன் செலவில் மொன்டானாவுக்கு அழைத்தபோது, தூரிகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அது 1909, ஜூன் மாதம். அவரைக் கூட்டிப்போனவர் கம்பெனியின் விளம்பர அதிகாரி பென்ஹாலோ. நல்ல மனிதர், சிரித்த முகம், எப்போதும் சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருப்பார். அந்த வருஷம் மழை கொட்டியிருந்தது. மேட்டு நிலமெல்லாம் பச்சை. நீலப் பூ, மஞ்சள் பூ. ஒரு பண்ணையில் கோதுமை இடுப்புயரம் நின்றது. காற்று வீசினால் அது கடல்போல நகர்ந்தது. ஹாலிஸ் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி நாள் முழுக்க வரைந்தார். பச்சையில் அத்தனை பச்சை இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

திரும்பும்போது வண்டி ஒரு குன்றைச் சுற்றி அந்தப் பக்கம் போனது. அங்கே தார்க்காகிதம் ஒட்டிய ஒரு குடிசை. கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. அடுப்பை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள், கொண்டு போக முடியாமல் விட்டிருக்க வேண்டும். கிணற்று வாயில் பலகை அறைந்திருந்தது. சன்னலில் மட்டும் பூப்போட்ட துணித்திரை, யாரோ பொறுமையாக ஓரம் தைத்தது, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் உழுத நிலம்தான். அத்தனை மழைக்கும் அதில் முள்செடியைத் தவிர ஒன்றும் முளைக்கவில்லை. மேல்மண்ணையெல்லாம் முன்னொரு வருஷத்துக் காற்று வாரிக்கொண்டு போயிருந்தது.

ஹாலிஸ் வண்டியை நிறுத்தச் சொன்னார். பென்சிலை எடுத்தார்.

"அது எதுக்கு?" என்றார் பென்ஹாலோ. "எவனோ சோம்பேறி. ரெண்டு வருஷம் மழை இல்லன்னதும் ஓடிட்டான். மிட்டாய் எடுத்துக்குங்க."

ஹாலிஸ் மிட்டாயை எடுத்துக்கொண்டார். பென்சில் பைக்குள் போனது.

படத்தை நியூ ஜெர்சியில்தான் முடித்தார். பச்சை மேடு, மேகம் திரண்ட வானம், தூரத்தில் வெள்ளை வீடு, வாசலில் பால் பாத்திரத்தோடு ஒரு பெண். முன்னால், கலப்பை பிடித்து, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, நிமிர்ந்து சிரிக்கும் ஓர் உழவன். கலப்பைக்குப் பதில் ரூஃபஸ் ஒரு தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்குத்தான் அவன் விரல்கள் நடுங்குவதை ஹாலிஸ் கவனித்தார்.

"குளிருதா?"

"இல்ல. இது ஆலை நடுக்கம். எல்லாருக்கும் வர்றதுதான். எங்க பக்கத்து மேசைக் கிழவர் காப்பியைக் குடிக்கறதைவிடச் சட்டைக்குத்தான் அதிகம் ஊத்துறாரு." சிரித்தான். "நீ படத்துல கையை நேரா போட்டுடு."

ஹாலிஸ் கையை நேராகவே போட்டார்.

கம்பெனி அதைச் சுவரொட்டியாக அச்சடித்துக் கிழக்கே இருந்த ஸ்டேஷன்களில் எல்லாம் ஒட்டியது. மறுவருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, ரூஃபஸ் மனைவி டெலியாவோடு கொட்டகைக்கு வந்தான். டெலியாவும் அதே ஆலையில் தொப்பிக்கு நாடா தைப்பவள். குறைவாகப் பேசுவாள். பேசினால் ஊசி மாதிரி ஏறும். ரூஃபஸ் கக்கத்திலிருந்து எடுத்து விரித்தது அந்தச் சுவரொட்டியைத்தான்.

"ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணு முன்னாடியே கிழிச்சிட்டு வந்தேன். இது என் மூஞ்சி, வேணும்னா பக்கத்துல வச்சுப் பாத்துக்கோன்னேன். ஒண்ணும் பேசல." பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தான். "ஹால், நாங்க போகப்போறோம். சர்க்கார் குடுக்கற இலவச நிலத்துக்கு மனு போட்டாச்சு."

"எங்கே?"

"இங்கதான்." படத்தின் பச்சையில் விரலை வைத்தான். விரல் நடுங்கியது. "நீ நேர்ல போய்ப் பாத்தவன். உன்னைவிட யாரு எனக்குச் சொல்லுவா? சொல்லு, நிலம் நிஜமாவே இப்படித்தானா?"

ஹாலிஸுக்கு அந்தக் குடிசை கண்முன் வந்தது. சொல்ல வாயெடுத்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். அந்தப் படத்தைப் பார்ப்பதுபோலவே அவன் இவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். டெலியா கண் கொட்டாமல் இவரையே பார்த்தாள். அந்த விரல்களைப் பார்த்தார். நிலம் சரியில்லை என்றால் படம் பொய் என்றாகும். நிலம் சரியில்லை என்றால் இவன் திங்கட்கிழமை ஆலைக்குப் போவான். இதில் எது தன்னை அடக்கியது என்று பின்னாளில் எத்தனையோ முறை யோசித்தும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நல்ல நிலம்தான்" என்றார்.

'மழை பெய்தால்' என்ற சொற்கள் நாக்கு நுனி வரை வந்தன. அங்கேயே நின்றுவிட்டன.

ஆரம்ப வருஷங்கள் அவர் சொன்னதைப் பொய்யாக்கவில்லை. மழை பெய்தது. கோதுமை விளைந்தது. ஐவி என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. 'கை நடுக்கம் நின்றுவிட்டது, இப்போது நானே ஊசியில் நூல் கோக்கிறேன், டெலியா நம்ப மாட்டேன் என்கிறாள்' என்று ரூஃபஸ் எழுதியபோது ஹாலிஸ் அந்தக் கடிதத்தைத் தபால்காரருக்கே படித்துக் காட்டினார். அறுவடைக்கு வா, வா என்று ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டான். ஹாலிஸின் பெயர் அப்போது கொடி கட்டிப் பறந்தது. நாட்காட்டி, சோப்புப் பெட்டி, தொடர்கதை என்று மாறி மாறி வேலை. அடுத்த வருஷம் வருகிறேன் என்றே எழுதிக்கொண்டிருந்தார். தம்பி போன பிறகு மாடலுக்கு வேறு ஆட்களை அமர்த்தினார். அவர்கள் அசையாமல் உட்கார்ந்தார்கள். அவருக்குத்தான் வரையப் பிடிக்கவில்லை. பழைய கோட்டோவியங்களிலிருந்து ரூஃபஸின் முகத்தையே எடுத்து எடுத்துப் போட்டார். மொன்டானாவில் அந்த முகத்துக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. படத்தில் அது இளமையாகவே இருந்தது.

1917இல் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. ரூஃபஸின் கடிதங்கள் சுருங்கின. 'இங்கே கொஞ்சம் வறட்சி' என்பான். அதற்குமேல் எழுத மாட்டான். ஹாலிஸும் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்றாவது வருஷம், ஆகஸ்ட் மாதம், ஒரு பத்திரிகை மேற்கத்திய அறுவடையை வரையச் சொன்னபோதுதான் ரயில் ஏறினார்.

ஸ்டேஷனில் காத்திருந்தவனை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அத்தனை முறை வரைந்த முகம். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, புருவத்தில்கூடப் புழுதி. அவன் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

"என்ன ஹால், கிழவனாயிட்ட? எனக்குச் சொல்லவே இல்ல" என்று கட்டிக்கொண்டான்.

வண்டியில் ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் கோவேறு கழுதை. வழியெல்லாம் பழுப்பு. வானமும் பழுப்பு. எங்கோ காடு எரிகிற புகை என்றான் ரூஃபஸ். வேலிக் கம்பியில் முள்செடி உருண்டு வந்து சிக்கி, அதன்மேல் மணல் குவிந்து, வேலியே மேடாகிவிட்டது. முயல்கள் மட்டும் வண்டிக்குப் பயப்படாமல் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தன.

"அங்க நான் முயலோட தோலை உரிச்சேன்" என்றான் ரூஃபஸ். "இங்க அதுங்க என் தோலை உரிக்குதுங்க. கணக்கு தீர்ந்துபோச்சு."

வீடு இரண்டே அறை. டெலியா பீப்பாயிலிருந்து தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கிணறு வசந்தத்திலேயே வற்றிவிட்டது. ஆற்றிலிருந்து வண்டியில் கொண்டுவர வேண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க ஹாலிஸ்" என்றாள். அதற்குள் எட்டு வயது ஐவி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நீங்கதான் எங்க அப்பாவைப் படத்துல போடறவரா?"

"ஆமாம்."

"அப்பா இப்போ அப்படி இல்ல. மறுபடியும் போடுங்க."

காற்று புகாமல் இருக்கச் சுவரெங்கும் மாவுப்பசை தடவிப் பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருந்தார்கள். நடுவில் அந்தச் சுவரொட்டி. நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. அந்த வட்டாரத்திலேயே பச்சையாக இருந்தது அது ஒன்றுதான் என்று ஹாலிஸுக்குத் தோன்றியது.

மதியச் சாப்பாடு மொச்சையும் முயல் கறியும். ரூஃபஸ் காப்பியை உயரத் தூக்கி ஊற்றிக் காட்டினான். "பாரு. ஒரு சொட்டு வெளிய விழல. ஆலையில இருந்திருந்தா இந்நேரம் பாதி உன் மடியில இருக்கும்."

உண்மைதான். கை கல்லாக நின்றது. ஹாலிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பி இல்ல அது, வறுத்த கோதுமை" என்றாள் டெலியா. "நல்லவேளை, வறுக்கற அளவுக்காவது விளைஞ்சுது. இந்த வருஷம் நின்னுக்கிட்டு அறுக்க முடியல ஹாலிஸ். மண்டி போட்டுக் கையால பிடுங்கினோம். நீங்க அறுவடையை வரையத்தானே வந்திருக்கீங்க? மண்டி போட்டா படத்துக்கு நல்லா இருக்குமா?"

"டெலியா" என்றான் ரூஃபஸ்.

"சும்மா கேக்கறேன். அந்தப் படத்துல வாசல்ல நிக்கறாளே, அவ கையில என்ன?"

"பால் பாத்திரம்" என்றார் ஹாலிஸ்.

"குடுத்து வச்சவ. எங்க மாட்டை மார்ச்சுல வித்துட்டோம். நீங்க வரைஞ்சப்போ நிலம் எப்படி இருந்துதுன்னு உங்களை ஒரு நாள் கேக்கணும்."

"கேக்க என்ன இருக்கு?" ரூஃபஸ் குரல் உயர்ந்தது. "அப்போ இருந்ததை வரைஞ்சான். நம்ம கண்ணாலயே பாக்கலையா? தொள்ளாயிரத்துப் பதினஞ்சுல கோதுமை இடுப்புக்கு நின்னுதா இல்லையா? மழை வரலன்னா அதுக்கு ஹால் என்ன பண்ணுவான்? வானத்தையா வரைஞ்சு அனுப்புவான்?"

டெலியா ஹாலிஸைப் பார்த்தாள். ஹாலிஸ் தட்டைப் பார்த்தார்.

அவர் அங்கே ஒரு வாரம் தங்கினார். அறுவடைப் படம் ஒன்றுகூட வரவில்லை. எல்லோரும் என்னோடு கிழக்கே வந்துவிடுங்கள் என்று தினமும் கெஞ்சினார். ரூஃபஸ் பிடிகொடுக்கவில்லை. ஊரில் பாதிக் குடும்பங்கள் போய்விட்டன. அவர்கள் பெயரைக்கூட அவன் வாயில் எடுப்பதில்லை. கடைசியில், டெலியாவும் ஐவியும் குளிர்காலத்துக்கு மட்டும் ஹாலிஸோடு போவது என்று முடிவானது. தான் மட்டும் இருந்து, மிச்சமுள்ள குதிரையையும் கழுதையையும் காப்பாற்றி, ஆற்றங்கரை நிலக்கரிக் குழியில் கூலிக்கு வெட்டி, வசந்தத்தில் ஒரு முறை விதைத்துப் பார்ப்பதாகச் சொன்னான். "அதுவும் போச்சுன்னா, நானே வந்து உன் பீப்பாய் மேல ஏறி உக்காந்துக்கறேன்."

புறப்படும் நாளில் டெலியாவும் ஐவியும் பெட்டிகளோடு வண்டியின் பின்னால் இருந்தார்கள். அண்ணனும் தம்பியும் முன்னால். சக்கரச் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குப் பேச்சு கேட்காது. ரூஃபஸ் குதிரையின் காதுகளைப் பார்த்தபடி கேட்டான்.

"ஹால், எங்க ஊர்ல அஸ்லாக்னு ஒரு நார்வேக்காரன், தனிக்கட்டை. எங்களுக்கு முன்னாடியே வந்தவன். அவன் சொல்றான், நீ முதல்ல வந்த வருஷமே அந்தக் குன்றுக்குப் பின்னால ஒரு குடிசை காலியாக் கிடந்துச்சாம். வறட்சியில ஓடிப்போன குடும்பமாம். ரயில்காரங்க போற பாதை அது வழியாத்தானாம். நீ பாத்தியா?"

நேரடியான கேள்வி. குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. ஓர் ஊர்ச் சமாச்சாரத்தைச் சரிபார்க்கிறவன்போலத்தான் கேட்டான். பார்த்தேன்டா என்று சொல்லிவிட்டால், இந்த மனிதன் இத்தனை வருஷமாக மனைவியிடமும் ஊராரிடமும் பேசிய பேச்செல்லாம் என்ன ஆகும்? அப்படித்தான் ஹாலிஸ் அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிஜத்தில், தம்பியின் கண்ணில் தான் சின்னவனாகிப்போவோம் என்ற பயம்.

"ஞாபகம் இல்ல" என்றார்.

"இருக்காது" என்று ரூஃபஸ் தலையாட்டினான். "இருந்திருந்தா சொல்லியிருப்ப. அந்த நார்வேக்காரன் குடிச்சா இப்படித்தான், எதையாவது உளறுவான்."

ஸ்டேஷனில் ஐவியைத் தூக்கி முத்தமிட்டான். டெலியாவின் கழுத்துத் துணியைச் சரிசெய்தான். ரயில் நகரும்போது தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிச் சிரித்தான். ஹாலிஸ் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வருஷம் பனி அக்டோபரிலேயே இறங்கியது. இறங்கிய பனி உருகிப் போகவில்லை. மேய்ச்சலில் நின்ற மாடுகள் நின்றபடி செத்தன என்று செய்தித்தாளில் வந்தது. ரூஃபஸ் கரி வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான், பாதி தனக்கு, பாதி அண்டை வீட்டாருக்கு. ஜனவரியில் ஒரு நாள் புயலில் குதிரை விழுந்துவிட, கரி மூட்டையை முதுகில் சுமந்து வீடு வந்து சேர்ந்தான். நெஞ்சுச்சளி பிடித்தது. அஸ்லாக்தான் வந்து பார்த்து, அடுப்பு மூட்டி, கஞ்சி வைத்துக் கொடுத்துக் கூட இருந்தான். டாக்டர் இருந்த ஊருக்குப் பாதை மூடிக் கிடந்தது. தந்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மண் இளகிய பிறகுதான் புதைக்க முடியும் என்றும் அதில் இருந்தது.

டெலியா ஊரறிய அழவில்லை. ஹாலிஸின் வீட்டில், அவருடைய சமையலறையில், ரொட்டி சுட்டாள், துணி துவைத்தாள், ஐவிக்குச் சடை பின்னினாள். ஹாலிஸுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு மேசைக்கு வராமல் கொட்டகையிலேயே கிடந்தார். ஒரு காலை, அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போய் நின்றார்.

"டெலியா, அன்னிக்கு நீ கேக்கணும்னு சொன்ன. நான் சொல்றேன். நிலம் முழுக்கப் பச்சையா இல்ல. ஒரு குடும்பம் ஓடிப்போன வீட்டை நான் பாத்தேன். வண்டியை நிறுத்தி, நின்னு பாத்தேன். உங்ககிட்ட சொல்லல."

டெலியா ஈரப் போர்வையை உதறிக் கயிற்றில் போட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"என்ன பாத்தீங்கன்னு தெரியாது. எதையோ முழுங்கறீங்கன்னு தெரியும். 'நல்ல நிலம்தான்'னு சொன்னப்போ உங்க மூஞ்சியைப் பாத்துட்டுத்தானே இருந்தேன். அப்பவே கேட்டிருக்கலாம். நான் கேக்கல." கிளிப்பை எடுத்துப் போர்வையில் மாட்டினாள். "அந்தக் கிழவர், ரூஃபஸுக்குப் பக்கத்து மேசைல இருந்தவர், கடைசியில பொண்டாட்டி பேரைக்கூட மறந்துட்டார். ஸ்பூனால அவருக்கு ஊட்டிவிட்டாங்க. அதைப் பாத்துட்டு, இவரை அங்கேருந்து எங்கேயாவது இழுத்துட்டுப் போயிடணும்னு நினைச்சேன். நிலம் எப்படியிருந்தா எனக்கென்ன? பாறைன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். உங்க வாயால வந்த பொய் எனக்கு வசதியா இருந்துது."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர் ஹாலிஸ். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவளே பாதிச் சுமையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்த ஆறுதலில்தான் வாய் தளர்ந்தது.

"அவனும் கேட்டான்" என்றார். "ஸ்டேஷனுக்குப் போற வழியில. அந்தக் குடிசையைப் பாத்தியான்னு."

அவள் கை நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்லன்னேன்."

டெலியா போர்வையின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஹாலிஸ், அவருக்கு அங்க இருக்கறதுக்கு ஒரே காரணம்தான் மிச்சம் இருந்துது. அண்ணன் பொய் சொல்லமாட்டான், நிலம் திரும்பும். நான் எத்தனையோ சொல்லிப் பாத்துட்டேன், என் பேச்சு எடுபடல. நீங்க அன்னிக்கு ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கோபத்துல உங்க மூஞ்சியில ஒண்ணு குத்திட்டு, எங்களோட ரயில்ல ஏறியிருப்பார்."

"ஏறியிருப்பானா?"

"தெரியல. இனிமே எப்படித் தெரியும்?" காலிக் கூடையை எடுத்துக்கொண்டாள். "முதல் பொய்ல எனக்குப் பங்கு உண்டு. ரெண்டாவது முழுக்க உங்களுது. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

உள்ளே போய்விட்டாள்.

வசந்தத்தில் அவள் ஊருக்குள்ளேயே தனி அறை பார்த்துக்கொண்டு போனாள். ஆலைக்குத் திரும்பவில்லை. பெண்களுக்கான தொப்பிக் கடை ஒன்றில் பூவும் இறகும் வைத்துத் தைக்கிற வேலை. ஹாலிஸ் சில காலம் மேற்கத்தியப் படம் எதற்கும் ஒப்புக்கொள்ளாமல் இருந்தார். அறுவடை கேட்ட பத்திரிகைக்கு, மண்டியிட்டுக் கோதுமை பிடுங்கும் ஒருத்தியை வரைந்து அனுப்பினார். 'மிக நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் வாசகர்களுக்கு இது வேண்டாம்' என்று திரும்பி வந்தது. பிறகு பிழைப்புக்காக மறுபடியும் எல்லாவற்றையும் வரைந்தார், மந்தையும் தபால் வண்டியும். படத்தில் முகங்களைத் தூரத்தில் வைத்தார், அல்லது தொப்பி நிழலில் போட்டார். அவருடைய கையில் முன்பிருந்த வேகம் இல்லை என்று ஆசிரியர்கள் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. அவர் மறுக்கவில்லை.

டெலியா மன்னித்தேன் என்று ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தவுமில்லை. போவார். வானிலை, விலைவாசி, ஐவியின் பள்ளிக்கூடம் இவற்றைப் பற்றிப் பேசுவார்கள். சில வாரம் அதுவும் இருக்காது.

ஒரு ஞாயிறு, டெலியா அடுப்படியில் இருக்க, ஐவி அவர் எதிரே நாடியைக் கையில் ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா சின்னப் பையனா எப்படி இருந்தாரு?"

"வாயாடி. தாத்தா பட்டறையில ஒரு ஆள் உயரத்துக்குச் சக்கரம் எல்லாம் இருக்கும். அதுல ஒண்ணுக்குள்ள கையையும் காலையும் விரிச்சு நின்னுக்கிட்டு, என்னை உருட்டி விடுங்கன்னு போறவன் வர்றவனையெல்லாம் கேப்பான். ஒரு நாள் அப்படியே மேட்டுலேருந்து ஓடை வரைக்கும் உருண்டு போயிட்டான். எங்கேயாவது நிக்கும்னு பாத்தா, எங்க நிக்கறது? நேரா வாத்துக் கூட்டத்துக்குள்ள."

ஐவி சிரித்தாள். "அடி பட்டுதா?"

"முன்பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சுது. ஆனா எழுந்திரிச்சதும், இன்னொரு தடவைன்னான்."

"யாரு உருட்டி விட்டது?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. தன் அப்பாவிடம் அன்றைக்கு, சக்கரம் தானாக நழுவியது என்றுதான் ஹாலிஸ் சொல்லியிருந்தார். ரூஃபஸும் ரத்த வாயோடு, ஆமாம் தானாகத்தான் நழுவியது என்றான்.

"நான்தான்" என்றார் ஹாலிஸ். "மெதுவா விடுன்னான். நான் வேகமா விட்டேன்."

"அப்புறம்?"

அவர் அப்புறம் நடந்ததையும், தன் அப்பாவிடம் சொன்ன பொய்யையும் சொன்னார். டெலியா ஆப்பிள் கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, துண்டு போட்டு, மூன்று தட்டிலும் பரிமாறிவிட்டுத் தானும் உட்கார்ந்து கேட்டாள்.